பிரெக்சிட் பழி யாரைச் சேரும்?

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் 2020 ஜனவரி 31 அன்று இரவு 11 மணிக்கு வெளியேறியது. இதற்குத்தான் பிரெக்சிட் என்று பெயர். வெளியேறுவதா என்று மக்களிடம் வாக்கெடுப்பு நடந்த 2016-இல் இருந்து 2024-க்குள் அந்த நாட்டுக்கு ஆறு பிரதமர்கள்: டேவிட் கேமரூன், தெரசா மே, போரிஸ் ஜான்சன், லிஸ் டிரஸ், ரிஷி சுனக், கியர் ஸ்டார்மர். இத்தனை பேர் மாறிய பிறகும் ஒரு வழக்கு மட்டும் தீரவில்லை. வெளியேறியதால் வந்த நஷ்டத்துக்கும் தொல்லைக்கும் யார் பொறுப்பு? வெளியேறச் சொல்லிப் பிரசாரம் செய்தவர்களா, வெளியேறும் விதத்தை முடிவு செய்தவர்களா, நாடாளுமன்றத்தில் இழுத்தடித்தவர்களா, பேச்சுவார்த்தையில் பிடிவாதம் பிடித்த, ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸின் அதிகாரிகளா? ஆளாளுக்கு அடுத்தவரைக் கை காட்டுகிறார்கள்.

இந்தச் செய்திகளைப் புதிதாகப் படிப்பவர்களைத் தலைசுற்ற வைப்பது சுங்க ஒன்றியம், ஒற்றைச் சந்தை போன்ற சொற்கள்தான். அவை இரண்டும் சரியாகப் பிடிபட்டால் போதும், சண்டை ஏன் ஓயவில்லை என்பதும் பாதி புரிந்துவிடும். அரசியல்வாதிகளின் பொய்யும் சுயநலமும் இதில் நிறையவே உண்டு, மறுக்கவில்லை. ஆனால் யோக்கியர்களையே அந்த நாற்காலிகளில் உட்கார வைத்திருந்தாலும் இந்தப் பழி போடும் படலம் நடந்திருக்கும் என்பது என் எண்ணம். வாக்குச்சீட்டில் கேட்ட கேள்வி அப்படி.

எதிலிருந்து வெளியேறுவது?

வணிகத்துக்காக நாடுகள் கூட்டுச் சேர்வதில் பல நிலைகள் உண்டு. எல்லாவற்றிலும் தளர்வானது தடையற்ற வர்த்தக ஒப்பந்தம். உன் சரக்குக்கு நான் வரி போடமாட்டேன், என் சரக்குக்கு நீயும் போடாதே என்பதுதான் அதன் சாரம். மூன்றாவது நாட்டுச் சரக்குக்கு அவரவர் இஷ்டப்படி வரி. இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. சீனாவில் தைத்த சட்டையை, வரி குறைவாக உள்ள நாட்டில் இறக்கி, அங்கிருந்து வரியே இல்லாமல் அடுத்த நாட்டுக்குள் தள்ளிவிடலாம் அல்லவா? அதைத் தடுக்க, ஒவ்வொரு சரக்கும் எங்கே செய்யப்பட்டது என்று காகிதம் காட்ட வேண்டும். காகிதம் என்று வந்துவிட்டால் அதைச் சரிபார்க்க எல்லையில் ஆளும் வேண்டும்.

சுங்க ஒன்றியம் அந்த ஓட்டையை அடைத்துவிடுகிறது. உறுப்பு நாடுகள் எல்லாம் வெளிநாட்டுச் சரக்குக்கு ஒரே வரி விதிக்கின்றன. எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் ஒரே தொகைதான் என்பதால், உள்ளே வந்த சரக்கை யாரும் நிறுத்தி ஊர் பெயர் கேட்பதில்லை. பதிலுக்கு ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும்: உறுப்பு நாடு எதுவும் தன்னிச்சையாக இன்னொரு நாட்டோடு வரிக்குறைப்பு ஒப்பந்தம் போட முடியாது. துருக்கி ஐரோப்பிய ஒன்றியத்தில் உறுப்பினராக இல்லை. ஆனாலும் பெரும்பாலும் தொழிற்சாலைப் பொருட்களுக்கு அந்த ஒன்றியத்தோடு 1990-களின் நடுவிலிருந்து சுங்க ஒன்றியம் வைத்திருக்கிறது.

ஒற்றைச் சந்தை இதைவிட ஆழமானது. இங்கே ஒன்றாக இருப்பது விதிகள். பாலில் என்ன கலக்கலாம், பொம்மையில் என்ன சாயம் பூசலாம், இறைச்சியை எந்தக் குளிரில் வைக்கலாம், ஓர் உறுப்பு நாட்டில் உரிமம் வாங்கிய வங்கி இன்னொன்றில் கடை விரிக்கலாமா என்பது வரை ஒரே சட்டம். கூடவே ஆட்களும் தடையில்லாமல் போய் வேலை செய்யலாம். நார்வே இந்தச் சந்தைக்குள் இருக்கிறது, சுங்க ஒன்றியத்தில் இல்லை. விதிகளைப் பின்பற்றுகிறது, பணமும் கட்டுகிறது, விதியை எழுதும் இடத்தில் மட்டும் அதற்கு ஓட்டு கிடையாது.

நம் பக்கத்து ஆட்களுக்கு ஜிஎஸ்டிக்கு முந்தைய வாளையார் சோதனைச் சாவடியைச் சொன்னால் சட்டென்று விளங்கும். கோவையிலிருந்து பாலக்காடு போகும் லாரிகள் அங்கே மணிக்கணக்கில் வரிசைகட்டி நின்றதற்குக் காரணம், இந்தப் பக்கம் ஒரு வரி, அந்தப் பக்கம் ஒரு வரி, அதற்குத் தனித்தனிக் காகிதம். 2017-இல் வரி ஒன்றானது, சாவடி எடுபட்டது. பிரிட்டன் செய்தது இதற்கு நேர் தலைகீழ்: இல்லாத சாவடியைத் தானே கேட்டு வாங்கியது.

அது நடைமுறையில் எப்படி இருந்தது என்பதற்கு 2021 ஜனவரியில் டச்சுத் தொலைக்காட்சி காட்டிய ஒரு காட்சி போதும். நெதர்லாந்தின் ஹூக் ஆஃப் ஹாலண்ட் துறைமுகத்தில் பிரிட்டனிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய ஓட்டுநர்களின் சாப்பாட்டைச் சுங்க அதிகாரிகள் பறிமுதல் செய்துகொண்டிருந்தார்கள். ஒருவரிடம் ஹாம் வைத்த சாண்ட்விச். வெளியே இருக்கும் நாட்டிலிருந்து இறைச்சியும் பாலும் கொண்டுவரக் கூடாது என்பது ஒற்றைச் சந்தையின் விதி. இறைச்சியை மட்டும் எடுத்துக்கொண்டு ரொட்டியையாவது கொடுங்கள் என்று கேட்டுப் பார்த்தார் அவர். முடியாது, பிரெக்சிட்டுக்கு வரவேற்கிறோம், மன்னியுங்கள் என்றார் அதிகாரி. வெளியேறிய பிறகும் 2020 முடியும் வரை பழைய விதிகளே நீடித்தன. அதனால் முந்தைய மாதம் வரை அதே ஆள் அதே சாண்ட்விச்சோடு அதே கப்பலில் வந்திருப்பார், யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள்.

ஒரு கேள்வி, இரண்டு கட்டம்

2016 ஜூன் 23 அன்று மக்கள் முன் வைத்தது, ஒன்றியத்தில் நீடிப்பதா, வெளியேறுவதா என்ற ஒரே கேள்வி. வெளியேற 51.9 சதவீதம், நீடிக்க 48.1 சதவீதம். வித்தியாசம் சுமார் 12.7 லட்சம் ஓட்டு. இங்கிலாந்தும் வேல்ஸும் வெளியேறச் சொன்னன. ஸ்காட்லாந்தில் 62 சதவீதமும் வட அயர்லாந்தில் கிட்டத்தட்ட 56 சதவீதமும் நீடிக்கச் சொல்லின. லண்டன் ஒரு பக்கம், கிழக்குக் கடலோரச் சிற்றூர்கள் மறுபக்கம். இளைஞர்கள் பெரும்பாலும் நீடிக்க, முதியவர்கள் பெரும்பாலும் வெளியேற. லிங்கன்ஷயரின் பாஸ்டன் ஊரில் நான்கில் மூன்று பேர் வெளியேற வாக்களித்தார்கள். காய்கறி வயல் வேலைக்குக் கிழக்கு ஐரோப்பியர்கள் ஏராளமாகக் குடியேறிய ஊர் அது. சண்டர்லாந்திலும் 61 சதவீதம் வெளியேறவே. அங்கேதான் நிசான் கார் ஆலை இருக்கிறது. ஐரோப்பியச் சந்தைக்கு வாசல் என்று சொல்லி முன்னாள் பிரதமர் மார்கரெட் தாட்சரின் அரசு வரவழைத்த ஆலை.

சரி, வெளியேறுவது என்று ஆகிவிட்டது. எதிலிருந்து? நார்வே மாதிரி ஒற்றைச் சந்தைக்குள் இருந்துகொண்டா, துருக்கி மாதிரி சுங்க ஒன்றியத்தோடு மட்டுமா, கனடா மாதிரி வெறும் வர்த்தக ஒப்பந்தத்தோடா, எதுவுமே இல்லாமலா? சீட்டில் இதற்கு இடமே இல்லை. வெளியேற வாக்களித்த 1.74 கோடிப் பேருக்கும் மனதில் ஆளுக்கொரு பிரெக்சிட் இருந்திருக்கும். பிரசாரமும் அந்த வசதியை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது. சிவப்புப் பேருந்தின் பக்கவாட்டில் வாரத்துக்கு 35 கோடி பவுண்டு பிரஸ்ஸல்ஸுக்குப் போகிறது, அதை நம் மருத்துவச் சேவைக்குக் கொடுப்போம் என்று எழுதி ஊர் ஊராக ஓட்டினார்கள். ஒன்றியத்துக்குக் கட்டும் பணத்தில் தாட்சர் காலத்தில் வாங்கிய தள்ளுபடியைக் கழிக்காத கணக்கு அது. நாட்டின் புள்ளிவிவர ஆணையமே தவறான எண்ணம் தருகிறது என்று கண்டித்தும் பேருந்து நிற்கவில்லை. நீடிக்கச் சொன்ன தரப்பு மட்டும் என்ன செய்தது? வெளியேறினால் உடனே பொருளாதாரம் சரியும், அவசர பட்ஜெட் போட வேண்டிவரும் என்று பயமுறுத்தியது. அந்த உடனடிச் சரிவு வரவில்லை. அதைச் சொல்லியே பிறகு வந்த எல்லா எச்சரிக்கைகளையும் வெளியேற்றத் தரப்பு தள்ளிவிட்டது.

பழியை எங்கே தொடங்குவது என்று என்னைக் கேட்டால் கேமரூனிடம் என்பேன். தன் கன்சர்வேடிவ் கட்சிக்குள் பல பத்தாண்டுகளாகப் புகைந்த சண்டையையும், வெளியேற வேண்டும் என்று சொல்லிப் பக்கத்தில் வளர்ந்துவந்த நைஜல் ஃபராஜின் கட்சியையும் சமாளிக்க 2013-இல் வாக்கெடுப்பை வாக்குறுதியாகக் கொடுத்தார். கொடுத்தவர், தோற்றால் என்ன செய்வது என்று அதிகாரிகளைத் திட்டம் போடக்கூட விடவில்லை. அதைக் கடும் அலட்சியம் என்றே நாடாளுமன்ற வெளியுறவுக் குழு 2016 ஜூலையில் எழுதியது. முடிவு வந்த காலையிலேயே அவர் ராஜினாமாவை அறிவித்துவிட்டார். எதிர்க்கட்சியான லேபரிலும் இதே கதை. கட்சித் தலைவர் ஜெரமி கோர்பின் அரை மனதோடு பிரசாரம் செய்து கெடுத்துவிட்டார் என்று அவர் எம்.பி.க்களே 172-க்கு 40 என்ற கணக்கில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் போட்டார்கள். அவர் அசையவில்லை என்பது வேறு.

ஒரு விசித்திரம் உண்டு. 1975-லும் இதே மாதிரி ஒரு வாக்கெடுப்பு நடந்து, 67 சதவீதம் பேர் நீடிக்கச் சொன்னார்கள். அப்போது இரண்டாகப் பிளந்து கிடந்தது லேபர் கட்சி. உறுப்பு நாடுகளின் கொடிகள் பின்னிய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு நீடிக்கச் சொல்லிப் பிரசாரம் செய்தவர் கன்சர்வேடிவ் கட்சித் தலைவரான தாட்சர். ஒற்றைச் சந்தை உருவாக முன்னின்று உழைத்ததும் அவரது அரசுதான். பிறகு அவர் கட்சிதான் அதிலிருந்து நாட்டை வெளியே கொண்டுவந்தது.

மூன்று வாக்குறுதி, இரண்டுக்குத்தான் இடம்

வட அயர்லாந்து பிரிட்டனைச் சேர்ந்தது. தெற்கே உள்ள அயர்லாந்து தனிக் குடியரசு, ஐரோப்பிய ஒன்றிய உறுப்பு நாடு. நடுவில் சுமார் 500 கிலோமீட்டர் எல்லை, 200-க்கும் மேற்பட்ட இடங்களில் சாலை கடக்கிறது. பிரிட்டனோடு இருப்பதா, அயர்லாந்தோடு சேர்வதா என்ற முப்பது வருடச் சண்டையில் சுமார் 3,500 உயிர்கள் போன மண். அந்த எல்லையில் இருந்த ராணுவக் காவல் கோபுரங்கள் 1998 சமாதான ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் எடுக்கப்பட்டன. இன்று காரில் போகிறவருக்கு நாடு மாறியது தெரிவது வேகப் பலகையில் மைல், கிலோமீட்டராக மாறும்போதுதான். அங்கே மறுபடி ஒரு சாவடி போடுவதை யாரும் விரும்பவில்லை.

தெரசா மே பதவியேற்ற பின் மூன்று வாக்குறுதி ஒன்றாக நின்றன. ஒன்று, அயர்லாந்துத் தீவின் நடுவே எல்லைச் சோதனை இருக்காது. இரண்டு, வட அயர்லாந்துக்கும் பிரிட்டனின் மற்ற பகுதிகளுக்கும் நடுவே கடலிலும் சோதனை இருக்காது. மூன்று, சுங்க ஒன்றியம், ஒற்றைச் சந்தை இரண்டையும் விட்டு வெளியேறுவோம். மேலே சொன்ன நிலைகளை வைத்து யோசித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் வேறு வேறு வரி, வேறு வேறு விதி என்றால் எங்கேயாவது ஓர் இடத்தில் சோதனை வந்தே தீரும். தரையில் வேண்டாம் என்றால் கடலில். கடலிலும் வேண்டாம் என்றால் விதியைப் பிரிக்கக் கூடாது. மூன்றில் எந்த இரண்டையும் காப்பாற்றலாம், மூன்றையும் முடியாது. யார் பிரதமராக இருந்தாலும் ஒரு தரப்பை ஏமாற்றியாக வேண்டும். ஏமாந்த தரப்பு துரோகம் என்று கத்தத்தான் செய்யும்.

தெரசா மே மூன்றாவது வாக்குறுதியைத் தளர்த்தப் பார்த்தார். வேறு வழி கிடைக்கும் வரை நாடு முழுவதும் ஒரு சுங்க ஏற்பாட்டில் இருக்கட்டும் என்றார். 2019 ஜனவரி 15 அன்று அவரது ஒப்பந்தம் 432-க்கு 202 என்று தோற்றது. பிரிட்டன் அரசு ஒன்று நாடாளுமன்றத்தில் கண்ட மிகப் பெரிய தோல்வி. எதிர்த்தவர்களில் 118 பேர் அவர் கட்சிக்காரர்கள். மார்ச்சில் இன்னும் இரண்டு முறை கொண்டுவந்து இரண்டு முறையும் தோற்றார்.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் வியப்பான நாள் 2019 ஏப்ரல் 1. அரசை ஒதுக்கிவைத்துவிட்டு, எதற்காவது பெரும்பான்மை இருக்கிறதா என்று எம்.பி.க்களே மாற்று வழிகளை ஓட்டுக்கு விட்டார்கள். நிரந்தரச் சுங்க ஒன்றியம் வேண்டும் என்று மூத்த கன்சர்வேடிவ் எம்.பி. கென் கிளார்க் கொண்டுவந்த தீர்மானம் 273-க்கு 276 என்று தோற்றது. மூன்றே ஓட்டு. கடும் வெளியேற்றக்காரர்கள் இதை எதிர்த்தது எதிர்பார்த்ததுதான். ஆனால் இரண்டாவது வாக்கெடுப்பு நடத்தி பிரெக்சிட்டையே ரத்து செய்துவிடலாம் என்ற ஆசையில் இருந்த சிலரும் இதற்குக் கை கொடுக்கவில்லை. நடுவழியை இரண்டு ஓரங்களும் சேர்ந்து கவிழ்த்தன. இன்று பிரெக்சிட்டின் கடுமையைப் பற்றிப் புலம்புகிறவர்களில் அந்த நாளைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு.

அப்புறம் வந்த ஜான்சன் முடிச்சை ஒரே வெட்டாக வெட்டினார்: இரண்டாவது வாக்குறுதியைக் கைவிட்டு, சோதனையைக் கடலுக்குக் கொண்டுபோனார். ஆனால் கைவிட்டதை ஒப்புக்கொள்ளவில்லை. படிவம் எதையாவது நிரப்பச் சொன்னால் குப்பைத் தொட்டியில் போடுங்கள் என்று 2019 நவம்பரில் வட அயர்லாந்து வணிகர்களிடமே சொன்னார். படிவம் வந்தது. வெளியேற்றத்தை ஆதரித்து, மேயின் ஒப்பந்தத்தைத் தோற்கடிக்கவும் துணைநின்ற, பிரிட்டனோடுதான் இருக்க வேண்டும் என்னும் வட அயர்லாந்தின் டி.யு.பி. கட்சிக்குக் கடைசியில் கிடைத்தது தாங்கள் எதற்குப் பயந்தார்களோ அந்தக் கடல் எல்லை. 2022 பிப்ரவரியில் அந்தக் கட்சி வட அயர்லாந்து அரசிலிருந்து விலகி, இரண்டு வருடம் ஆட்சியே நடக்காமல் முடக்கியது. 2023-இல் சுனக் ஐரோப்பிய ஒன்றியத்தோடு போட்ட வின்ட்சர் உடன்பாடு சோதனைகளைக் குறைத்தது. அதன் அடையாளத்தைக் கடைகளில் பார்க்கலாம்: பால், இறைச்சிப் பொட்டலங்களில் 'ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அல்ல' என்று அச்சடித்திருக்கும்.

நஷ்டக் கணக்கு ஏன் வாயடைக்கவில்லை?

பொருளாதாரத்தைப் பார்த்தால் யார் சொன்னது சரி என்று தெரிந்துவிடுமே என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். அரசின் பட்ஜெட் கணிப்பு அலுவலகம், நீடித்திருந்தால் இருந்திருக்கக்கூடிய நிலையோடு ஒப்பிட்டால் நாட்டின் உற்பத்தித்திறன் நீண்ட காலத்தில் 4 சதவீதம் குறையும் என்கிறது. ஏற்றுமதி, இறக்குமதி சுமார் 15 சதவீதம் குறைவாக இருக்கும் என்கிறது. ஆனால் நீடித்திருந்த பிரிட்டனை யாரும் பார்த்ததில்லை, கணக்குப் போட்டுத்தான் ஊகிக்க வேண்டும். வெளியேறிய சில வாரங்களில் கொரோனா, அது அடங்குவதற்குள் உக்ரைன் போர். 2021 செப்டம்பரில் லாரி ஓட்டுநர் இல்லாமல் பெட்ரோல் பங்க்குகள் வறண்டபோது ஒரு தரப்பு பிரெக்சிட் என்றது, இன்னொரு தரப்பு கொரோனா என்றது. இரண்டுமே உண்மை; எது எத்தனை பங்கு என்பதுதான் சண்டை. பொருளாதார நிபுணர்களில் பெரும்பாலோர் நஷ்டம் உண்டு என்பதில் ஒத்துப்போகிறார்கள், நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் சாமானிய வாக்காளர் கையில் எடுத்துப் பார்க்கும்படியான ரசீது எதுவும் இதற்குக் கிடையாது.

வெளியேற்றத்தால் வாழ்வு வரும் என்று நம்பியவர்களே பிறகு பழி சொல்லத் தொடங்கியதுதான் கூடுதல் விசேஷம். மீனவர்களின் படகுகள் பிரசாரத்தின் முகமாக இருந்தன. 2020 டிசம்பர் 24-இல் ஐரோப்பிய ஒன்றியத்தோடு முடிந்த வர்த்தக ஒப்பந்தம் அவர்களுக்குக் கிடைக்கும் என்று சொன்னதைவிட மிகக் குறைவான மீனையே தந்தது. கூடவே, சில பகுதிகளில் பிடித்த உயிருள்ள சிப்பிகளை ஐரோப்பாவுக்கு அனுப்பவே முடியாமல் போனது. ஆஸ்திரேலியாவோடு போட்ட ஒப்பந்தத்தைச் சாதனை என்று கொண்டாடிய அரசில் வேளாண் அமைச்சராக இருந்த ஜார்ஜ் யூஸ்டிஸ், பதவி போன பிறகு 2022-இல் அது நமக்கு அவ்வளவு நல்ல ஒப்பந்தமே இல்லை என்று சபையிலேயே சொன்னார். ஃபராஜோ 2023-இல் பிரெக்சிட் தோற்றுவிட்டது என்றார். ஆனால் தவறு யோசனையில் இல்லையாம், செய்த கன்சர்வேடிவ்களிடமாம். தன் பிரெக்சிட்டை யாரும் செய்யவே இல்லை என்று சொல்லிக்கொள்ளும் வசதி, அந்தச் சீட்டில் விளக்கம் இல்லாததால் வந்ததுதான்.

குடியேற்றத்திலும் இதே கதை. கிழக்கு ஐரோப்பியர் வரவு குறைந்தது. ஆனால் புதிய விசா முறையில் இந்தியா, நைஜீரியா போன்ற நாடுகளிலிருந்து மாணவர்களும் பராமரிப்புப் பணியாளர்களும் பெருமளவில் வந்தார்கள். 2023 ஜூன் வரையிலான ஒரு வருடத்தில் நிகரக் குடியேற்றம் 9 லட்சத்தைத் தாண்டியது. குறைப்போம் என்று ஓட்டு வாங்கியவர்களின் ஆட்சியில்தான் இது நடந்தது. 2024 தேர்தலில் கன்சர்வேடிவ் கட்சி 121 இடத்துக்குச் சுருங்கியதில் இதற்கும் பங்கு உண்டு. ஃபராஜின் ரிஃபார்ம் கட்சி 14 சதவீதம் வாக்கு வாங்கியது.

மறுபடி உள்ளே போகலாமே?

வெளியேறியது தவறு என்று கருத்துக்கணிப்புகளில் பாதிக்கு மேற்பட்டோர் சொல்கிறார்கள். இருந்தும் ஸ்டார்மர் ஆட்சிக்கு வரும் முன்பே மூன்று கோடு கிழித்துவிட்டார்: ஒற்றைச் சந்தை இல்லை, சுங்க ஒன்றியம் இல்லை, ஆட்களின் தடையற்ற நடமாட்டம் இல்லை. பழைய புண்ணைக் கிளறினால் வடக்கு இங்கிலாந்தின் பழைய லேபர் தொகுதிகள் கை நழுவும் என்ற பயம்தான் காரணம். 2025 மே மாதம் உணவுப் பொருள் சோதனைகளைக் குறைக்க ஐரோப்பிய ஒன்றியத்தோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தார். அதற்கு ஈடாக ஐரோப்பியப் படகுகள் 2038 வரை பிரிட்டன் கடலில் மீன் பிடிக்க அனுமதி. சரணாகதி என்றது எதிர்க்கட்சி. இது போதவே போதாது என்றார்கள் அவர் கட்சியிலேயே சிலர்.

இதில் திருப்பூருக்கும் ஒரு முனை வந்து சேர்கிறது. சுங்க ஒன்றியத்தை விட்டு வெளியே வந்ததால்தான் 2025 ஜூலையில் இந்தியாவோடு பிரிட்டன் தனியாக வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட முடிந்தது. பிரிட்டனுக்குப் போகும் நம் பின்னலாடைகளுக்கு 12 சதவீதம் வரை இறக்குமதி வரி இருந்தது. வங்கதேசத்துச் சரக்குக்கு வரியே இல்லை. அந்த இடைவெளியை எடுத்துவிடுவதுதான் ஒப்பந்தத்தின் ஏற்பாடு. நாளைக்கு பிரிட்டன் சுங்க ஒன்றியத்துக்குள் திரும்பினால் வரி விகிதத்தை பிரஸ்ஸல்ஸ்தான் முடிவு செய்யும், இந்த ஒப்பந்தத்தை அப்படியே வைத்துக்கொள்ள முடியாது. திரும்பிப் போகலாம் என்று கேட்கும் தன் கட்சி எம்.பி.க்களுக்கு லேபர் அரசு சொல்லும் பதில்களில் இதுவும் ஒன்று.